சமமாகப் பிளந்த அணு

ஒரு வாளித் தண்ணீர் போதுமாக இருந்த காரியத்துக்கு அரசாங்கம் கடலைத் தேர்ந்தெடுத்தது. இலங்கையின் கிழக்கே சாய்ந்தமருதுக் கடற்கரையில், கலந்தர் என்ற மீனவர் கரைவலை இழுக்கும் இடத்தின் நடுவில், அணுப் பிளவுத் துண்டு அளவை நிலையம் வந்து குந்திக்கொண்ட வரலாறு அவ்வளவுதான். என்றாலும் அதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். அந்த வாளித் தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை.

யுரேனியம் மிகப் பாரமான ஒரு மூலகம். அதன் அணுவின் நடுவே இருக்கும் கரு, கழுத்துவரை நீர் நிறைத்த தோற்பை போல எப்போதும் தளும்பிக்கொண்டிருக்கிறது. நியூத்திரன் என்ற ஒரு பொடித் துணிக்கை அதற்குள் போய் விழுந்தால் போதும். கரு நீண்டு, இடை ஒடுங்கி, இரண்டாகப் பிளந்து, இரண்டு துண்டும் எதிரெதிர்த் திசையில் பறக்கும். அந்தத் துண்டுகளை அளப்பதுதான் நிலையத்தின் வேலை. இதில் ஒரு நயம் உண்டு. ஓடி வரும் நியூத்திரனைவிட நடந்து வரும் நியூத்திரனைத்தான் யுரேனியம் எளிதாகப் பிடிக்கும். நியூத்திரனை நடக்க வைப்பதற்கு, அதன் பருமனே உள்ள வேறொன்றோடு அதைத் திரும்பத் திரும்ப மோதவிட வேண்டும். தண்ணீரில் உள்ள ஐதரசன் அதற்கு நல்ல பொருத்தம். மெழுகிலும் ஐதரசன் உண்டு. ஆகவே, கொழும்பில் விடயம் தெரிந்த யாரோ ஒருவர் கோப்பின் ஓரத்தில் "நீர் அல்லது மெழுகு தேவை" என்று எழுதினார்.

அடுத்த மேசைக்காரர், மெழுகு இறக்குமதிப் பொருள் என்பதால் அதை வெட்டி, "நீர் தேவை" என்றார். அதற்கடுத்தவர் "போதிய நீர்" என்றார். அதற்கு மேலே இருந்தவர் "கோடையிலும் வற்றாத நீர்" என்றார். கோப்பு மாடி ஏற ஏறத் தண்ணீர் பெருகிக்கொண்டே போய், உச்சி மாடியில் கையொப்பமாகி இறங்கும்போது அது வங்காள விரிகுடாவாக இருந்தது.

கலந்தருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, தன் மீன்வாடிக் குடிசை நின்ற இடத்தில் அதைப் பிடுங்கிவிட்டு, மரக்கால்களின் மேல் தகரக் கூரையோடு ஒரு கட்டடம் எழும்பியது மட்டும்தான். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு கரைவலையும் ஒரு தோணியும் அவருக்குச் சொந்தம். பாடு என்பது ஒரு வலைக்காரன் தன் வலையை வளைத்துக் கரைக்கு இழுக்க உரிமையுள்ள கடற்கரைத் துண்டு. அது கலந்தரின் வாப்பா காலத்திலிருந்தே அவர்களுடையது.

அந்த வருடம் அவருக்கு அந்தப் பாடு தேவைப்பட்டதுபோல் எந்த வருடமும் தேவைப்பட்டதில்லை. மகள் றாஹிலாவுக்குப் பாலமுனையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. அந்தப் பக்கத்து வழக்கத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். அதற்கான வீட்டைப் பெண்ணைப் பெற்றவர் கட்டிக் கொடுக்க வேண்டும். வீட்டோடு சேர்ந்த வளவுக்குள் சுவர்கள் எழும்பிவிட்டன. கூரைதான் இல்லை. கூரை அந்த வருடத்துச் சூடை மீனாகக் கடலுக்குள் நீந்திக்கொண்டிருந்தது.

"நாலு சுவரும் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிது" என்றாள் மனைவி நாச்சியா. "பாலமுனையில இருந்து அச்சிமுகம்மது காக்கா நேத்தும் ஆள் அனுப்பிக் கேட்டிரிக்காரு. மாரி மழைக்கு முன்ன வீடு முடியாட்டி, மகனுக்கு ஒலுவில் ஊருல வேற இடம் பாக்கப் போறாராம்."

"மாப்புள்ளட வாப்பா அப்பிடித்தான் செல்லுவாரு. மீனு வரட்டும் புள்ள."

"மீனு வரும். நீங்க வலையப் போட அந்தத் தொரைமாரு விடணுமே."

நிலையத்தின் திறப்பு விழாவுக்கு ஊரையே கூப்பிட்டார்கள். பணிப்பாளர் அருள்நேசம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வெயிலில் நின்று பேசினார். அவர் முன்பு தேயிலைப் பெட்டிகளுக்கு முத்திரை குத்தும் திணைக்களத்தில் இருந்தவர். அங்கே அவர் காலத்தில் ஒரு முத்திரைகூடக் கோணலாக விழவில்லை என்பதற்காக அணுவுக்கு உயர்த்தப்பட்டிருந்தார்.

"இன்றுவரை இக்கடற்கரையில் மீன் பிடிக்கப்பட்டது" என்று அவர் முழங்கினார். "இன்றுமுதல் இங்கே உண்மை பிடிக்கப்படும்!"

கலந்தரின் வலையில் கயிறு இழுக்கிறவர்களுக்குத் தலைவன் ஜவுபர். கூட்டத்தின் பின்னால் நின்ற அவன், கலந்தரின் காதுக்குள், "காக்கா, உண்மையக் கருவாடு போட ஏலுமா?" என்று கேட்டான்.

நிலையத்தில் இயந்திரம் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். ஆகவே பதவி வரிசையில் அவன் கடைசியாக இருந்தான். பெயர் குணம், பக்கத்துப் பாண்டிருப்பைச் சேர்ந்தவன், தொழில்நுட்ப உதவியாளன். இவர்கள் எப்போது போவார்கள் என்று விசாரிக்கப் போன கலந்தரை, அவன் உள்ளே கூட்டிக்கொண்டு போய் இயந்திரத்தைக் காட்டினான். கேட்க ஆள் கிடைக்காமல் வாடிப்போயிருந்தவன் அவன்.

அது ஒரு பித்தளை உருளை. அதன் நடுவில், வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு தாளில் யுரேனியம் பூசியிருந்தது. தாள் அவ்வளவு மெலிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அணு பிளந்ததும் ஒரு துண்டு இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் தடையில்லாமல் வெளியே வர வேண்டும். இரு பக்கமும் வாயு நிறைந்திருக்கும். துண்டு அந்த வாயுவைக் கிழித்துக்கொண்டு போகும்போது, வழியிலுள்ள அணுக்களிலிருந்து மின்னேற்றத்தை உதிர்த்துக்கொண்டு போகும். அந்தந்தப் பக்கத்தில் மின்சாரம் ஏற்றிய ஒரு தகடு அதைப் பொறுக்கிக்கொள்ளும். உதிர்ந்தது எவ்வளவோ அவ்வளவுதான் துண்டின் ஆற்றல். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பேனாக்கள், உருளும் தாளில் அதை ஒரு கோடாக எழுப்பிக் காட்டும். யுரேனியம் சும்மா இருக்கும்போதும் ஆல்பா என்ற சில்லறைத் துணிக்கைகளைத் துப்பிக்கொண்டிருக்கும். அவை பேனாவை அசைக்காதபடி ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். பெரிய மீன் தங்கி, குஞ்சுகள் போய்விடும் வலைக் கண்ணைப் போல.

மெழுகுப் பெட்டிக்குள் நியூத்திரன் தரும் சிறு குழாய் ஒன்று இருந்தது. வெளிநாடு ஒன்று பெட்டியோடேயே அன்பளித்தது. குணம் அதை உருளைக்குப் பக்கத்தில் தள்ளினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டக் என்றது. இடது பேனா உயரமாகவும் வலது பேனா கட்டையாகவும் கோடு கீறின. இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி டக். இந்த முறை வலது உயரம், இடது கட்டை.

"ஏன் தம்பி ரெண்டும் ஒரே அளவா வரல்ல?"

"பிளக்கிறதே அப்பிடித்தான் காக்கா. ஒரு துண்டு பெரிசு, மற்றது சின்னன். கிட்டத்தட்ட மூண்டுக்கு ரெண்டு. சரிபாதியாப் பிளக்கிறது நூற்றுக்கணக்கில ஒண்டு. அதுல வேடிக்க என்னெண்டா, சின்னத் துண்டுதான் உயரமாக் கீறும்."

"அதெப்பிடி?"

"தோணியில இருந்து நீங்க கரைக்குப் பாய்ஞ்சா என்ன நடக்கும்?"

"நான் பறப்பன். தோணி சும்மா அசைஞ்சு பின்னுக்குப் போகும்."

"அதேதான். பாரம் குறைஞ்சதுக்கு வேகம் கூட, ஆற்றலும் கூட."

கலந்தர் அந்தக் கோடுகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடைந்து, உடைந்த விதத்தைத் தானே எழுதிக் காட்டுகிறது. "அல்லாட குதுறத்து" என்று இறைவனின் வல்லமையை வியந்தார். பிறகு, "இதுக்கு என்ட பாடு என்னத்துக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இயற்பியலில் விடை இல்லை.

முதல் அளவீடுகள் கொழும்புக்குப் போயின. போன வேகத்தில் திரும்பி வந்தன. பணிப்பாளர் குணத்தைக் கூப்பிட்டு வைத்துக் கத்தியது, வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்த கலந்தருக்கும் ஜவுபருக்கும் தெளிவாகக் கேட்டது.

"எந்த இனத்துக்கு எவ்வளவு பங்கு என்று நாடு தீப்பற்றி எரிகிற நேரத்தில், அரசாங்கத் திணைக்களம் ஒன்று, இயற்கையிலேயே ஒருவனுக்குப் பெரிய துண்டும் மற்றவனுக்குச் சிறிய துண்டும் என்று அறிக்கை விடுவதா? அதற்கும் மேலே, சிறியவனுக்குத்தான் ஆற்றல் கூட என்று எழுதுவதா? அமைச்சின் செயலாளர் இதை எப்படிப் பாராளுமன்றத்துக்கு அனுப்புவார்?"

"ஐயா, அணு அப்படித்தான் பிளக்குது."

"அது அணுவின் சொந்த அபிப்பிராயம்! அரசாங்கத்தின் கொள்கை சமத்துவம். மீண்டும் அளந்து பாரும்."

குணம் மீண்டும் அளந்தான். அணு கொள்கையை வாசித்திருக்கவில்லை. மூன்றுக்கு இரண்டாகவே பிளந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்து கடல் அடங்கியது. கலந்தர் தோணியை இறக்கினார். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இரண்டு கூட்டமும் ஒரே சமயத்தில், ஒரே பலத்தில் இழுத்தால்தான் வலை கோணாமல் வரும். அதற்குத்தான் அம்பாப் பாட்டு. ஜவுபர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பான். எல்லோரும் "ஏலேலோ" என்று சொல்லிக் குதிக்காலை மணலில் குத்தி இழுப்பார்கள்.

"இறுக்கிப் புடிங்கடா!"

"ஏலேலோ!"

"இடுப்ப வளையுங்கடா!"

"ஏலேலோ!"

"வெறுங்கையோட போனா!"

"ஏலேலோ!"

"பொண்டாட்டி ஏசுவா!"

"ஏலேலோ!"

நிலையத்துக்குள் இரண்டு பேனாக்களும் தாளைவிட்டுப் பாய்ந்தன.

இதையும் விளக்க வேண்டும். உருளைக்குள் இருக்கும் தகடுகள் மிக நுட்பமாக மின்சாரம் ஏற்றப்பட்டவை. தகடு ஒரு மயிரளவு அதிர்ந்தாலும் மின் அளவு மாறும். அந்த மாற்றத்தைப் பெருக்கி ஆயிரம் மடங்காக்கிப் பேனாவிடம் கொடுப்பதுதானே இயந்திரத்தின் தொழில்? அது அணுவா ஆளா என்று பார்ப்பதில்லை. குதிக்கால்கள் மணலைக் குத்த, மரக்கால்கள் நடுங்க, தகரக் கூரை "ஏலேலோ"வை வாங்கி முழங்க, உருளை குலுங்கியது. குலுங்கியது முழு உருளையும் ஆகையால் இரு பக்கத் தகடும் ஒரே மாதிரி அதிர்ந்தன. இரண்டு கோடுகளும் ஒரே உயரத்தில் எழும்பின. சரிபாதி.

பணிப்பாளர் தாளைத் தூக்கிப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

"சமம்! குணம், சமமாகப் பிளக்கிறது!"

"ஐயா, அது அணுவில்ல. வெளியில அம்பாப் பாடுறாங்க. அவங்க நிப்பாட்டினா இதுவும் நிக்கும்."

"நிற்கட்டும். பாடினால் வருகிறதா, இல்லையா?"

"வருது. ஆனா..."

"அவ்வளவுதான் அறிவியல். ஒன்றைச் செய்தால் ஒன்று வருகிறது. 'ஆனால்' என்பது உமது தரத்துக்கு மேலான சொல்."

முதல் சில நாட்கள் கலந்தருக்கு நன்றாகவே இருந்தது. தொல்லை கொடுப்பார்கள் என்று பயந்த துரைமார், வலை இழுக்கும்போது வாசலில் நின்று கை தட்டினார்கள். நாளுக்கு இருமுறை இழுக்கச் சொன்னார்கள். பிறகு கொஞ்சம் நெத்தலி பட்டது. மீன் பட்டால் கரையில் என்ன நடக்குமென்று யாருக்கும் தெரியும். பாட்டு வேகம் பிடிக்கும், அடி தவறும், வியாபாரிகள் சத்தம் போடுவார்கள், காகங்கள் இறங்கும், மீன் நிறைந்த வலை மடி கரைக்கு வருமுன்னே பாதிப் பேர் தண்ணீருக்குள் பாய்ந்திருப்பார்கள். பேனாக்கள் தாறுமாறாகக் கீறின. பணிப்பாளர் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார்: மீன் இருக்கும்போது அணு ஒழுங்கீனமாகப் பிளக்கிறது.

மறுநாள் வலை நிலையத்தின் களஞ்சிய அறைக்குள் பூட்டப்பட்டது. கயிறுகள் மட்டும் வெளியே. அவற்றின் நுனியைக் கரையில் நின்ற ஒரு தென்னங்குற்றியில் கட்டினார்கள். அதைத்தான் இனி இழுக்க வேண்டும், பாட்டோடு, காலையிலும் மாலையிலும்.

கலந்தர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பணிப்பாளர் முன் போய் நின்றார்.

"ஐயா, வல தண்ணிக்குள்ள போகாம மீனு வராதே."

"மீனைப் பற்றி இங்கே யார் பேசியது?"

"நாங்கதான் ஐயா. எங்களுக்கு வேற கத இல்ல. இது சூடை வாற காலம். மாரிக்கு முன்ன என்ட மகள்ட வீட்டுக்குக் கூர போடணும். போடாட்டி மாப்புள்ள கைவிட்டுப் போயிரும்."

"கலந்தர், நீர் ஒரு கூரையைப் பற்றிச் சிந்திக்கிறீர். நான் முழு நாட்டையும் பற்றிச் சிந்திக்கிறேன். நான் இப்பதவிக்கு வரும்போது நாட்டில் ஒரு அணுகூடச் சமமாகப் பிளந்ததில்லை. இன்று பாரும்! இந்த வெற்றி என்னுடையது அல்ல, அரசாங்கத்தினுடையது. பதவி உயர்வு மட்டும்தான் என்னுடையது. உம்மைப் போன்ற எளிய மக்களின் தியாகம் இல்லாமல் எங்களைப் போன்றவர்கள் எப்படி உயர முடியும்? அதை நான் என்றும் மறக்கமாட்டேன். மறுத்தீரென்றால் அடுத்த வருடப் பாடும் உமக்கு இல்லை."

கலந்தர் வெளியே வந்தார். ஜவுபர் கேட்டான்: "என்ன காக்கா செல்றாரு?"

"குத்திய இழுக்கட்டாம்."

"குத்தி வந்தா?"

"வந்தா வேற குத்தி நடுவாங்களாம்."

இழுத்தார்கள். குற்றி வரவில்லை. கடலில் மீன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு, காய்ந்த மணலில் நின்று, வெறும் மரத்தை நோக்கி "ஏலேலோ" என்று சொல்வது எப்படிப்பட்ட அவமானம் என்பது கரைவலைக்காரனுக்குத்தான் தெரியும். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் ஆட்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். நாச்சியா வாசலில் நின்று சுவர்களைப் பார்த்தாள். பிறகு கலந்தரைப் பார்த்தாள். சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவள் ஏசியிருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் கொழும்பில் ஒரு கண்காட்சி வந்தது. மக்களுக்குக் காட்ட நியூத்திரன் குழாய் வேண்டுமென்று தந்தி அடித்தார்கள். குணம் அதை மெழுகுப் பெட்டியோடு அனுப்பி வைத்துவிட்டு, பெரிய நிம்மதியோடு பணிப்பாளரிடம் போனான்.

"ஐயா, இனி நியூத்திரன் இல்ல. நியூத்திரன் இல்லாம இந்தப் பிளவு வராது. இப்பவும் பேனா கீறினா, அது பாட்டெண்டு நீங்களே ஒத்துக்கொள்ளுவீங்கதானே?"

அன்று மாலை ஜவுபர் அடியெடுத்தான். பேனாக்கள் என்றும் போல ஒன்றாக எழும்பின. பணிப்பாளர் தாளின் மேல் குனிந்து கோடுகளை விரலால் தடவினார். குணம் நம்பிக்கையோடு காத்திருந்தான்.

"நியூத்திரனும் இல்லாமல்..." என்றார் பணிப்பாளர் மெதுவாக. "வல்லரசுகள் எல்லாம் நியூத்திரனுக்குப் பணத்தைக் கொட்டுகின்றன. நாங்கள் அது இல்லாமலே பிளக்கிறோம். குணம், இதற்குப் பெயர் சிக்கனம்!"

இந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததும், செயலாளரே நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

அந்த நாளுக்காகக் கடற்கரை கூட்டப்பட்டது. தென்னங்குற்றிக்கு வெள்ளை அடித்தார்கள். கடலின் பின்னணியில் மீனவ மக்களின் ஒத்துழைப்பையும் காட்டினால் நல்லது என்று தோன்றியதால், களஞ்சியத்திலிருந்து வலையை எடுத்து மணலில் அழகாக விரித்து, பக்கத்தில் தோணியை நிறுத்தி, வலைக்கும் புதுக் கயிறு கட்டி வைத்தார்கள். கலந்தருடைய ஆட்கள் சுத்தமான சாரமும் பெனியனும் உடுத்து வரிசையில் நின்றார்கள். செயலாளரின் கார் வந்தது. அவர் இறங்கி, குற்றியைப் பார்த்துத் தலையசைத்து, நிலையத்துக்குள் போனார். பணிப்பாளரும், கோப்பு எழுதும் நிலையத்து எழுதுவினைஞர்களும் பின்னால் போனார்கள்.

"கலந்தர், வரவேற்புரை முடிந்ததும் ஆரம்பியும்!" என்று ஜன்னலால் குரல் வந்தது.

அப்போதுதான் ஜவுபர் கயிற்றைவிட்டுக் கையை எடுத்தான்.

"காக்கா, கடல் கறுக்குது."

கலந்தர் திரும்பிப் பார்த்தார். அலைக்கு அப்பால் ஒரு வளவு அகலத்துக்குத் தண்ணீர் கறுத்து, கறுப்புக்குமேல் சுருக்கம் விழுந்து நகர்ந்தது. கடற்பறவைகள் விழுந்து விழுந்து எழும்பின. சூடை. அந்த வருடத்துச் சூடை முழுவதும் அங்கேதான் நின்றதுபோல் இருந்தது. வலை மணலில் கிடந்தது. தோணி பக்கத்தில் நின்றது. அரசாங்கமே எடுத்து வைத்திருந்தது.

"அடுத்த வருசப் பாடு போயிரும் காக்கா" என்றான் ஜவுபர், கண்ணைக் கடலைவிட்டு எடுக்காமல்.

"அடுத்த வருசத்துக்கு எனக்கு வேற மகள் இல்ல" என்றார் கலந்தர். "ஏத்துங்கடா வலைய!"

தோணி அலையைத் தாண்டி, கறுப்பைச் சுற்றி வளைத்து, கயிற்றோடு கரைக்கு வந்தது. இவ்வளவு நேரமும் உள்ளே பணிப்பாளர் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வரவேற்புரைகளின் நீளம் முதன்முதலாக ஒரு மனிதனுக்கு உதவியது. அவர் முடித்தபோது வெளியே இரண்டு கயிறும் விறைத்திருந்தன.

"இறுக்கிப் புடிங்கடா!"

"ஏலேலோ!"

அது வெறும் மரத்துக்குப் பாடிய பாட்டு அல்ல. நிலையம் முழுவதும் கிடுகிடுத்தது. செயலாளரின் கண்முன்னே பேனாக்கள் இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து எழும்பி விழுந்தன. "அற்புதம்" என்றார் செயலாளர். "துண்டுகளுக்கிடையில் இப்படியொரு ஒற்றுமையை நான் பாராளுமன்றத்தில்கூடக் கண்டதில்லை."

வெளியே மடி கரைக்கு வந்தது. வெள்ளியாகக் கொதித்துக்கொண்டு வந்தது. ஒருவன் "யா அல்லா!" என்று கத்தினான், அவ்வளவுதான், எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்து மடியைத் தூக்கிப் பிடித்தார்கள். பாட்டு நின்றது.

பேனாக்கள் தாளில் இரண்டு நேர்கோடுகளாகக் கிடந்தன.

"நின்றுவிட்டதே?" என்றார் செயலாளர்.

"அணு... மூச்சு வாங்குகிறது ஐயா" என்று சொல்லிவிட்டு, பணிப்பாளர் வெளியே ஓடினார். எழுதுவினைஞர்கள் பின்னால் ஓடினார்கள். முழங்கால் ஆழ மீனுக்குள் நின்ற கலந்தரைப் பார்த்து அவர் கையை விரித்தார்.

"பாடும்! பாடச் சொல்லும்! செயலாளர் காத்திருக்கிறார்!"

"ஐயா, கையில மீனு கிடக்கு. இப்ப ஏலா" என்றார் கலந்தர். அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். "கயிறு அங்க கிடக்கு. நீங்க இழுங்களன்."

பணிப்பாளர் கட்டடத்தைப் பார்த்தார். ஜன்னலில் செயலாளரின் தலை தெரியத் தொடங்கியது. பணிப்பாளர் கோட்டைக் கழற்றி மணலில் போட்டார். தென்னங்குற்றியில் கட்டிக் கிடந்த கயிறுகளை எடுத்து, எழுதுவினைஞர்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, சப்பாத்துக் குதியால் மணலைக் குத்தி இழுத்தார். முதலடி அவருக்கு ஞாபகம் வரவில்லை. கடைசி அடிதான் வந்தது.

"பொண்டாட்டி ஏசுவா!" என்று இலங்கை அரசாங்கத்தின் அணுப் பிளவுத் துண்டு அளவைப் பணிப்பாளர் கடலை நோக்கி அலறினார்.

"ஏலேலோ!" என்றார்கள் எழுதுவினைஞர்கள்.

உள்ளே குணம் மட்டும் செயலாளர் பக்கத்தில் நின்றான். பேனாக்கள் மறுபடி எழும்பின. கொஞ்சம் இருமலோடு, ஆனால் சமமாக. செயலாளர் ஜன்னலால் வெளியே பார்த்தார், பேனாவைப் பார்த்தார், மறுபடி வெளியே பார்த்தார்.

"அவர்கள் இழுப்பதும் இது எழும்புவதும் ஒரே நேரத்தில் நடக்கிறதே?"

"ஓம் ஐயா!" என்றான் குணம். அவனுக்கு உயிர் வந்தது. "அதத்தான் நான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டு வாறன். அணுவே இல்ல ஐயா, ஆக்கள்தான்."

"அப்படியானால்," என்றார் செயலாளர் கவலையோடு, "இவ்வளவு முக்கியமான வேலைக்கு நிரந்தரப் பதவி இல்லாத ஆட்களையா வைத்திருக்கிறீர்கள்?"

கலந்தருடைய மீன் கல்முனைச் சந்தைக்கு வண்டி வண்டியாகப் போனது. மிச்சம் கருவாடாகக் கடற்கரை நெடுகக் காய்ந்தது. ஒரு கிழமைக்குள் மரமும் ஓடும் வளவுக்குள் வந்து இறங்கின. ஆனால் அவரை நிலையத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தபோது நாச்சியாவின் முகம் கறுத்தது. பாடு பறிபோகப் போகிறது என்றே அவரும் நினைத்துக்கொண்டு போனார்.

பணிப்பாளர் கையில் கட்டுப் போட்டிருந்தார். கயிறு உரித்த கை.

"கலந்தர், உமக்கு வருத்தமான செய்தி. கயிறு இழுக்கும் வேலை ஓய்வூதியத்தோடு கூடிய நிரந்தரப் பதவியாக்கப்பட்டுவிட்டது. ஆங்கிலப் பரீட்சையில் சித்தி பெற்றிருக்க வேண்டும். உமது ஆட்களில் எவருக்கும் அந்தத் தகுதி இல்லை. கொழும்பிலிருந்து தகுதியானவர்கள் வருகிறார்கள். நீங்கள் எல்லோரும் இன்றோடு நீக்கப்படுகிறீர்கள்."

"வலையையும் ஐயா?"

"வலையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? எடுத்துக்கொண்டு கொஞ்சம் வடக்கே போய்ப் போட்டுக்கொள்ளும். எங்கள் உத்தியோகத்தர்களுக்கு உங்கள் சத்தம் இடைஞ்சல்."

கலந்தர் மிகவும் வருத்தத்தோடு நன்றி சொல்லிவிட்டு வந்தார். குணமும் அந்த வாரமே இடம் மாற்றப்பட்டான். உப்பளத்தில் நிறுவைக்குப் போட்டார்கள். உப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே நிறுக்கிறது என்று அவன் சந்தோஷமாகச் சொன்னதாகக் கேள்வி.

உத்தியோகத்தர்கள் வந்தார்கள். அமைச்சர்களின் மருமக்களும் செயலாளர்களின் மைத்துனர்களுமாகப் பொறுக்கி எடுத்த ஆட்கள். பாட்டு அரசாங்கத் தரத்துக்கு உயர்த்தப்பட்டது. "பொண்டாட்டி ஏசுவா" என்பது "இல்லாள் கடிந்துரைப்பாள்" ஆயிற்று. காலையில் அலுவலகம் திறந்ததும் இழுக்கத் தொடங்குவார்கள், தேநீருக்கு நிறுத்துவார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள், நாலேகாலுக்குக் கயிற்றைச் சுருட்டுவார்கள். அளவீடுகளை ஒழுங்காகத் தொகுத்த நிலையம், வருட அறிக்கையில் ஒரு புதிய உண்மையை உலகுக்கு அறிவித்தது. இலங்கையில் அணு அலுவலக நேரத்தில் மட்டுமே பிளக்கிறது. தேநீர் வேளையில் ஓய்வெடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசாங்க விடுமுறை நாட்களிலும் அது முழுமையாகவே இருக்கிறது.

மாரிக்கு முன்னே பாலமுனையிலிருந்து அச்சிமுகம்மது வந்தார். ஓடு போட்ட வீட்டைச் சுற்றி நடந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, திருப்தியாகிக் கலியாணத்துக்கு நாள் சொன்னார். நாச்சியா கொடுத்த பலகாரத்தைத் தின்றுவிட்டுச் சம்மந்திகள் இருவரும் காற்று வாங்கக் கடற்கரைக்கு நடந்தார்கள்.

வெள்ளையடித்த குற்றியைச் சுற்றி, கழுத்துப்பட்டி கட்டிய கனவான்கள் இரண்டு வரிசையாக நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். அச்சிமுகம்மது நின்று நெடுநேரம் பார்த்தார்.

"கவுண்மேந்து வேலையா?"

"ஓம். பென்சனும் இரிக்காம்."

அச்சிமுகம்மது தாடியைத் தடவினார். குரலைத் தாழ்த்தினார்.

"சம்மந்தி, உங்களுக்கு அந்தப் பெரியவரத் தெரியுந்தானே? நம்மட மாப்புள்ளைக்கும் இதுல ஒண்டு எடுத்துத் தர ஏலாதா?"

கலந்தர் யோசித்தார்.

"மாப்புள்ளைக்கு வல இழுக்கத் தெரியுமா?"

"இதென்ன கேள்வி? சின்ன வயசில இருந்து வலையிலதானே நிக்கான். பாலமுனையில அவனப் போல இழுக்க ஆளில்ல!"

"அப்ப எடுக்க மாட்டாங்க" என்றார் கலந்தர்.